ஹிபாச்சி கடை கிளியர் சூப்பை வீட்ல வைக்க எந்த வழி நல்லது: எலும்பு, குக்கர், கார்ட்டன், கொம்பு கடல்பாசி

அமெரிக்காவுல ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸுக்கு, அதான் எல்லாரும் ஹிபாச்சின்னு சொல்ற கடைக்குப் போனா, செஃப் வண்டியத் தள்ளிட்டு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சின்னக் கிண்ணத்துல சூப் வந்துடும். இளம் பழுப்பு நிறம், கிண்ணத்தோட அடி தெரியற தெளிவு, மேல ரொம்ப மெல்லிசா சீவின மஷ்ரூம் நாலு துண்டு, கொஞ்சம் வெங்காயத்தாள், கொஞ்சம் பொரிச்ச வெங்காயம், அவ்வளவுதான். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா சாதம் சாப்பிடாத பசங்க கூட இதை ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. அதனாலயே நம்ம வீடுகள்ல "இதை நாமளே வச்சுட முடியாதா"ங்கற கேள்வி அடிக்கடி வருது. முடியும், நல்லாவே முடியும், ஆனா நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற வீட்டுக்குப் பொருந்தும், தப்பான வழியை எடுத்தா அரை நாள் போனதுதான் மிச்சம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இந்த சூப் ஜப்பான்ல வீட்டுக்கு வீடு வைக்கற சூப் இல்ல. இரும்புத் தட்டுல கண்ணு முன்னாடி மாட்டிறைச்சி வாட்டித் தர்ற பழக்கத்தை 1945ல கோபே நகரத்துல மிசோனோங்கற கடை ஆரம்பிச்சுது, அதை அமெரிக்கர்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி 1964ல நியூயார்க் மேற்கு 56வது தெருவுல பெனிஹானாவைத் தொறந்தவர் ராக்கி அயோக்கி. மீன் வாசனை, கடல்பாசி வாசனை எல்லாம் பழக்கம் இல்லாத ஆளுங்களுக்குன்னு அமைஞ்ச மெனு அது, அப்பறம் வந்த கடைகளும் அதே தடத்துலதான் போச்சு. சூப்பும் அப்படித்தான்: கோழி, பல கடைகள்ல கோழியோட மாடு, அதோட வெங்காயம், கேரட், செலரி, பூண்டு, இஞ்சி. ஜப்பான்ல பெரிய விருந்துகள்ல மூடி போட்ட கிண்ணத்துல வர்ற சுயிமோனோங்கற தெளிவு சூப் முழுக்க வேற, அது கொம்பு கடல்பாசியும் உலர்த்தி சீவின கட்சுவோ மீனும் போட்டு எடுக்கற தாஷிங்கற சாறுல நிக்கறது. இணையத்துல ஜப்பானிய கிளியர் சூப்னு தேடினா ரெண்டும் கலந்து வரும், ஒரு பாக்கெட் மீன் சீவல் வாங்கிட்டு வந்து வச்சா வீட்ல யாரும் "இது அந்த சூப்"னு சொல்ல மாட்டாங்க. ஜப்பான்ல இதுக்கு நெருங்கின சொந்தம்னா தெருமுனை சீனச் சாப்பாட்டுக் கடையில ஃப்ரைடு ரைஸோட சின்னக் கிண்ணத்துல தர்ற கோழி சூப்தான், சோயா சாஸும் வெங்காயத்தாளும் போட்டது.

ஆக நமக்கு வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, நாக்குல லேசா ஒட்டற ஒரு கனம், அது எலும்புலயும் தோல்லயும் இருக்கற கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டினா மாறி வர்றது. ரெண்டாவது, வெங்காயத்தோட இனிப்பு. மூணாவது தெளிவு. எந்த வழின்னு முடிவு பண்றப்ப இந்த மூணையும் வச்சுத்தான் நான் அளக்கறேன், அதுக்கப்பறம்தான் நேரம், காசு.

எலும்பை அடுப்புல வச்சு மெதுவா எடுக்கறதுதான் பழைய வழி. ருசியில இதை ஜெயிக்க எதுவும் இல்ல, அதைச் சொல்லிடறேன். ஒரு கிலோ சிக்கன் விங்ஸ், அரை கிலோ எலும்போட வெட்டின மாட்டுக்கால் துண்டு, சாப்பிடறவங்களா இருந்தா. விங்ஸ் ஏன்னா தோலும் மூட்டும் அதிகம், சும்மா மார்புக்கறி போட்டா மணம் வரும், கனம் வராது. கோழிக்கால், அதாவது நகம் இருக்கற பாதம், கிடைச்சா நாலு சேத்துக்கங்க, சீனக் கடைகள்ல, எச் மார்ட் மாதிரி கொரியக் கடைகள்ல சல்லிசாக் கிடைக்கும். மொதல்ல எல்லாத்தையும் பச்சத் தண்ணியில மூழ்கற அளவுக்குப் போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க, சாம்பல் நிறத்துல அழுக்கு நுரை பொங்கி வரும், அந்தத் தண்ணியை அப்படியே கொட்டிட்டு எலும்பை ஒண்ணொண்ணா கழுவுங்க, பாத்திரத்தையும் கழுவுங்க. ருசி போயிடுமேன்னு நினைக்க வேண்டாம், போறது ரத்தமும் கழிவும்தான். தெளிவுல பாதி இந்த ஒரு வேலையில வந்துடும்.

அப்பறம் மூணரை லிட்டர் பச்சத் தண்ணி ஊத்தி அடுப்பை சின்னதா வச்சு, மெதுவா சூடேத்தணும். இந்த இடத்துலதான் பலபேர் பொறுமை இழக்கறாங்க. தளதளன்னு கொதிச்சா என்ன ஆகும்னா, மேல மிதக்கற கொழுப்பு பொடிப் பொடியா உடைஞ்சு தண்ணிக்குள்ள கலந்துடும், ஜெலட்டின் அதைப் பிரிய விடாம பிடிச்சுக்கும், சூப் பால் மாதிரி கலங்கிடும். டொன்கொட்சு ராமென்ங்கற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்புல அந்த வெள்ளை நிறத்துக்காகவே பன்றி எலும்பை மணிக்கணக்கா பலமாக் கொதிக்க விடறாங்க, நமக்கு அதுக்கு நேர் எதிர் வேணும். தெர்மாமீட்டர் இருந்தா 85லேர்ந்து 95 டிகிரி செல்சியஸ். இல்லாட்டி பாத்திரத்தோட ஒரு ஓரத்துல மட்டும் பாத்துக்கிட்டே இருங்க: ஒரு குமிழி மெதுவா ஏறி வந்து உடையணும், அடுத்தது வர்றதுக்கு ஒரு ரெண்டு நொடி ஆகணும். ரசம் நுரை கட்டினதும் கொதிக்க விடாம இறக்கறோமே, அந்தக் கைப்பழக்கம் இருக்கறவங்களுக்கு இது சுலபமா வரும். மூடி முழுசா போடக்கூடாது, போட்டா அடுப்பு சிம்ல இருந்தாலும் உள்ள கொதி ஏறிடும்.

மூணு மணி நேரம். காய்கறியை ஆரம்பத்துலயே போட்டுடாதீங்க, கேரட் கரைஞ்சு மாவாகி சூப்பைக் கலக்கும், மணமும் மந்தமாயிடும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரெண்டு வெங்காயம், ஒரு கேரட், ஒரு தண்டு செலரி, நாலு பல் பூண்டு, ஒரு இஞ்சு இஞ்சி. வடிகட்டறப்ப பாத்திரத்தைக் கவுத்து ஊத்தாம கரண்டியால மேலாக மொண்டு மெல்லிய துணி வழியா விடுங்க, அடியில தங்கற கடைசி ரெண்டு கரண்டியை விட்டுடுங்க, துணியில இருக்கறதைப் பிழியவே பிழியாதீங்க. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சா காலையில கொழுப்பு மேல வெள்ளைத் தகடா இறுகியிருக்கும், எடுத்துப் போட்டுடலாம், கீழ சூப் ஜெல்லி மாதிரி ஆடும். ஆடினா நீங்க ஜெயிச்சுட்டீங்க.

இதுக்கு எதிரா சொல்ல வேண்டியது: அரை நாள் அடுப்பு, கவனம், அப்பறம் வாசனை. குளிர்காலத்துல ஜன்னல் தொறக்க முடியாத அபார்ட்மெண்ட்ல எலும்பு ஸ்டாக் வாசனை கோட்டு, கம்பளி எல்லாத்துலயும் ஏறி நாள்கணக்குல நிக்கும், வாடகை வீட்ல இருக்கறவங்க இதை நிச்சயம் கணக்குல எடுக்கணும்.

அடுத்தது குக்கர். என் கட்சியை மறைக்காம சொல்றேன், பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. பிரஷர்ல வேக வச்சா கலங்கிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, உண்மை அதுக்கு நேர் மாறா இருக்கு. மூடி இறுகின குக்கர்ல அழுத்தம் இருக்கற வரைக்கும் தண்ணி 115, 120 டிகிரியில இருந்தாலும் கொதிக்காது, குமிழியே வராது, அதனால கொழுப்பு உடையாது. கலங்கறது எப்பன்னா அழுத்தத்தைத் திடீர்னு விடறப்ப. இன்ஸ்டன்ட் பாட்ங்கற எலெக்ட்ரிக் குக்கர்ல வால்வைத் தட்டி ஆவியை ஒரே மூச்சுல வெளியேத்தினா உள்ள இருக்கறது அந்த நொடியே பயங்கரமாக் கொதிக்க ஆரம்பிச்சுடும், ஒரு மணி நேரம் சும்மா இருந்த சூப் ரெண்டு நிமிஷத்துல பாலாயிடும். பிரஷர் தானா அடங்கட்டும், அரை மணி நேரத்துக்கு மேல ஆனாலும் பரவாயில்ல, விட்டுடுங்க.

நம்ம ஊர் விசில் குக்கர் வச்சிருக்கறவங்களுக்கு இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. விசில் அடிக்கறப்பல்லாம் ஆவி வெளியேறி அழுத்தம் இறங்குது, உள்ள கொதி வருது. அதனால பருப்புக்கு வைக்கற மாதிரி அஞ்சு விசில் ஆறு விசில்னு எண்ணக்கூடாது. வெயிட் லேசா ஆட ஆரம்பிச்சதும், விசில் வர்றதுக்கு முன்னாடியே அடுப்பை எவ்வளவு சின்னதா வைக்க முடியுமோ அவ்வளவு வச்சுடுங்க, விசிலே இல்லாம ஐம்பது நிமிஷம் இருக்கணும். எலெக்ட்ரிக் காயில் அடுப்புல இது கொஞ்சம் கஷ்டம், சூடு சட்டுனு இறங்காது, கேஸ் அடுப்புல சுலபம். இன்ஸ்டன்ட் பாட்ல இந்தக் கவலையே இல்ல, அதுவே அழுத்தத்தைப் பிடிச்சுக்கும், ஒரு மணி நேரம் ஹையில வச்சுட்டு வேற வேலைக்குப் போயிடலாம். எலும்பை முதல்ல ஒரு கொதி கொதிக்க வச்சுக் கழுவற வேலை மட்டும் இங்கயும் உண்டு, அதை விட்டா எந்தக் குக்கரும் காப்பாத்தாது. காய்கறியை இதுல ஒண்ணாப் போட்டா குழைஞ்சுடும், ஸ்டாக் எடுத்து வடிகட்டின அப்பறம் தனியா வெங்காயம் கேரட்டோட முப்பது நிமிஷம் மூடி இல்லாம சிம்ல வச்சு எடுக்கறதுதான் நல்லது.

அடுப்பு ஸ்டாக்கையும் குக்கர் ஸ்டாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சா அடுப்புல எடுத்ததுல மணம் கொஞ்சம் மென்மையா, பல அடுக்கா இருக்கும், குக்கர்ல கனம் கூடுதலா இருக்கும். கிண்ணத்துல பொரிச்ச வெங்காயமும் சோயாவும் விழுந்த அப்பறம் அந்த வித்தியாசம் ரொம்பச் சுருங்கிடுது. அதனாலதான் குக்கர்னு சொல்றேன்.

அடுத்தது கார்ட்டன்ல விக்கற பிராத், அதாவது கடையில ரெடியாக் கிடைக்கற கறிச் சாறு. இதை மட்டமாப் பேசறவங்க நிறைய, எனக்கு அப்படித் தோணல, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆஃபீஸ் விட்டு வந்து எலும்பு கழுவ யாராலயும் முடியாது. ஆனா இதுல வாங்கற இடத்துலயே முடிவாயிடுது. 32 அவுன்ஸ் கார்ட்டன், அதாவது 946 மில்லி. சாதாரண வகையில ஒரு கப்புக்கு 800 மில்லிகிராமுக்குப் பக்கத்துல சோடியம் இருக்கும், ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராம்தான் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்ற உச்சம், நாம இதை இன்னும் வத்த வைக்கப் போறோம், சோயா வேற ஊத்தப் போறோம். அதனால உப்பில்லாத வகையோ குறைஞ்ச சோடியம் வகையோ மட்டும் எடுங்க, உப்பை நாமளே கடைசியில போட்டுக்கலாம். ரெண்டு பங்கு சிக்கன், ஒரு பங்கு பீஃப், இந்த அளவுதான் கடை நிறத்துக்கும் ருசிக்கும் கிட்ட வரும், பாதிக்குப் பாதி போட்டா பீஃப் பிராத்தோட அந்த டப்பா வாசனை தூக்கலா வந்துடும்.

கார்ட்டனோட பெரிய குறை கனம் இல்லாததுதான், தண்ணி குடிக்கற மாதிரி நாக்குல நிக்காமப் போயிடும். அதுக்கு ஒரு வழி, வாசனை சேக்காத ஜெலட்டின் ஒரு சின்ன உறை, ஏழு கிராம், ஆறின பிராத்துல தூவி அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு சூடு பண்றது. ஜெலட்டின் பன்றி, மாட்டுல இருந்து எடுக்கறது, அதைத் தவிர்க்கறவங்க இந்த வழியை விட்டுட்டு நாலு சிக்கன் விங்ஸை வேக வச்சுக் கழுவி கார்ட்டன் பிராத்துலயே போட்டு நாப்பத்தஞ்சு நிமிஷம் சிம்ல விடுங்க, அது இன்னும் நல்லா இருக்கும். வெங்காயம், கேரட், செலரி, பூண்டு, இஞ்சி எல்லாம் அதே நேரத்துல உள்ள. மொத்தம் ஒரு மணி நேரத்துல மேஜைக்கு வந்துடும்.

இங்க எல்லா வழிக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும், ஏன்னா எலும்பா கார்ட்டனாங்கறதை விட இது பெரிய வித்தியாசம் பண்ணுது. வெங்காயத்தைச் சுட்டுப் போடணும். எண்ணெய் விடாம, இரும்பு தோசைக்கல்லை நல்லா காய வச்சு, தோலோட ரெண்டா வெட்டின வெங்காயத்தை வெட்டின பக்கம் கீழ இருக்கற மாதிரி வச்சு அசைக்காம விட்டுடுங்க. எட்டுப் பத்து நிமிஷத்துல ஓரம் கருகி நடுவுல அடர் பழுப்பாகி, ஒரு இனிப்பு கலந்த புகை மணம் வரும், அப்ப எடுத்து சூப்புல போடுங்க. அந்த இளம் பழுப்பு நிறம் அதுலேர்ந்துதான் பெரும்பாலும் வரும், மாடு போடாத வீட்ல அந்த ஆழமும் இதுலேர்ந்துதான் வரணும். எண்ணெயில வதக்கிப் போடச் சொல்ற செய்முறை நிறைய இருக்கு, ருசி நல்லாத்தான் இருக்கும், ஆனா எண்ணெய் சூப்புல மிதக்கும், அப்பறம் அதை எடுக்கற வேலை. வெறுங்கல்லுல சுடறது அந்த வேலையே இல்லாமப் பண்ணிடுது.

கட்டி, பொடி, பேஸ்ட் பத்தி சுருக்கமாப் போதும். சாதாரண சூப் கட்டி வேண்டாம், உப்பும் மஞ்சள் நிறமும்தான் முன்னாடி நிக்கும், தெளிவும் வராது. பெட்டர் தேன் பூயான் மாதிரி பாட்டில்ல வர்ற பேஸ்ட் ருசியில எவ்வளவோ மேல, ஆனா அதுல இருக்கற கறித்துகள் சூப்பைக் கலக்கும், காஃபி ஃபில்டர் வழியா வடிகட்டினா பரவாயில்லாம இருக்கும். இந்த வரிசையில நான் பரிந்துரைக்கறது ஒண்ணே ஒண்ணு, ஜப்பானியக் கடைகள்ல கிடைக்கற தோரிகரா கோழிப் பொடி, யூக்கி, அஜினொமொட்டோ ரெண்டு கம்பெனியும் போடறாங்க. ஜப்பான்ல வீட்டு சீன சூப்புக்கு இதைத்தான் போடறாங்க, வெந்நீர்ல கரைச்சா ஓரளவு தெளிவாவே இருக்கும், சுட்ட வெங்காயத்தோட இருபது நிமிஷம் கொதி வராம வச்சா ஒரு ஆள், ரெண்டு ஆளுக்கு அவசரத்துக்கு ரொம்ப நல்ல சூப். ஹொன்தாஷிங்கற பொடி இதுக்கு ஆகாது, அது மீன்.

இப்ப சைவம். நம்ம குடும்பங்கள்ல இது ஓரத்துல வைக்கற விஷயம் இல்ல. ஹிபாச்சி கடையில டோஃபு, காய்கறின்னு பாத்துப் பாத்து ஆர்டர் பண்றவங்க கூட சூப்பை விசாரிக்காமக் குடிச்சுடறாங்க.

"இதுல ஒண்ணும் மிதக்கலயேம்மா, வெறும் தண்ணி மாதிரிதானே இருக்கு?"

"இல்ல அத்தை, கோழி எலும்பு வேக வச்ச தண்ணி, நீங்க சாலட் எடுத்துக்கங்க."

இந்தப் பேச்சு எத்தனையோ மேஜையில நடந்திருக்கும். கடையில கேக்கறது நம்ம உரிமை, தயங்காமக் கேக்கணும், சூப் ஸ்டாக் எதுலேர்ந்துன்னு. வீட்ல வைக்கறப்ப கடையில கிடைக்கற வெஜிடபிள் பிராத் கார்ட்டனை வாங்கிடாதீங்க, பெரும்பாலானதுல கேரட்டும் தக்காளியும்தான் ஓங்கி நிக்கும், நிறம் ஆரஞ்சா, கலங்கலா இருக்கும், என்ன பண்ணாலும் அந்த சூப் வராது.

கொம்பு கடல்பாசியும் உலர்ந்த ஷிட்டாகே மஷ்ரூமும்தான் வழி. கொம்புல ருசி எங்கேர்ந்து வருதுன்னு தேடித்தான் 1908ல டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துல இகேடா கிகுனாயே அதுக்குக் காரணம் குளூட்டமேட்னு கண்டுபிடிச்சார். உலர்ந்த ஷிட்டாகேல குவானிலேட்னு ருசி கூட்டற இன்னொண்ணு இருக்கு, ரெண்டும் சேந்தா தனித்தனியா இருக்கறதை விட ருசி பல மடங்கு கூடித் தெரியும். கறியே இல்லாம கறி சூப்போட நிறைவு வர்றதுக்கு அதுதான் காரணம். ஒன்றரை லிட்டர் தண்ணியில பதினஞ்சு கிராம் கொம்பு, நாலே நாலு ஷிட்டாகே, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல ஊறட்டும். கொம்பு மேல வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கும், அது பூஞ்சை இல்ல, கழுவாதீங்க, ஈரத்துணியால மண்ணு இருந்தா மட்டும் துடைங்க. ஷிட்டாகேயை நாலுக்கு மேல போட்டா அதோட வாசனை மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். காலையில மெதுவா சூடு பண்ணி, கொதி வர்றதுக்கு முன்னாடி கொம்பை எடுத்துடணும், கொதிச்சா வழவழப்பும் கசப்பும் இறங்கிடும். அப்பறம் சுட்ட வெங்காயம் மூணு, அசைவத்துக்குப் போடறதை விட ஒண்ணு கூட, கேரட், செலரி, ஒரு முட்டைக்கோஸ் இலை, இஞ்சி, நாப்பது நிமிஷம் சிம்ல. வடிகட்டினா கோழி சூப்பை விட இது தெளிவா இருக்கும், கொழுப்பே இல்லையே. ஜெலட்டினோட கனம் மட்டும் வராது. பொரிச்ச வெங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாப் போட்டா அந்தக் குறை தெரியாது.

சைவம் சாப்பிடறவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாலும் தனிப் பாத்திரம் வைக்காம எல்லாருக்குமே இதை வச்சுடலாம்ங்கறது என் எண்ணம். ரெண்டு பாத்திரம், ரெண்டு கரண்டி, எந்தக் கிண்ணம் யாருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கறது, அந்தப் பதட்டத்துக்கு இந்த சூப்புல தேவையே இல்ல. மாடு சாப்பிடாத வீடுன்னா இன்னும் சுலபம், கோழி ஸ்டாக்குல ரெண்டு ஷிட்டாகேயும் கூடுதலா ஒரு சுட்ட வெங்காயமும் போட்டா மாட்டெலும்பு இல்லாத குறையே இல்ல.

முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தெளிய வைக்கற ஃபிரெஞ்சு முறையைச் சிலர் சொல்றாங்க. ரெண்டு லிட்டர் ஆறின ஸ்டாக்குல மூணு வெள்ளைக்கருவை அடிச்சு ஊத்தி, கிளறிக்கிட்டே சூடேத்தி, வெள்ளையா மேல திரண்டு வர்றப்ப கிளர்றதை நிறுத்திட்டு இருபது நிமிஷம் விட்டா அழுக்கெல்லாம் அதுல ஒட்டிக்கும். கண்ணாடி மாதிரி வரும்தான். ஆனா ருசியிலயும் கொஞ்சத்தை அது இழுத்துக்கும், ஸ்டேக்ஹவுஸ்ல தர்ற சூப்புக்கு அவ்வளவு தெளிவும் இல்ல. ஸ்டாக் ஏற்கெனவே கலங்கிப் போச்சு, விருந்தாளி வர்றாங்கன்னா மட்டும் பண்ணுங்க.

உப்பும் சோயாவும் பரிமாறறதுக்கு முன்னாடி. ஒரு லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் சோயா போதும், மீதியை உப்பால சரி பண்ணுங்க, சோயாவை அதிகமாக்கினா நிறம் கறுத்துடும். உசுகுச்சின்னு ஒரு சோயா இருக்கு, நிறம் கம்மி, உப்பு அதிகம், கிடைச்சா இதுக்கு அதுதான் ரொம்பப் பொருத்தம். கோதுமை ஆகாதவங்க கோதுமை சேக்காத தமாரிங்கற சோயா சாஸ் வாங்கிக்கலாம். நல்லெண்ணெயைத் தொடாதீங்க. நம்ம செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளுல எடுக்கறது, ஜப்பானிய எண்ணெய் நல்லா வறுத்த எள்ளுல எடுத்தது, மணமே வேற, அந்த ஜப்பானிய எண்ணெய்னா கிண்ணத்துக்கு ரெண்டு சொட்டு விட்டா போதும். அஜினொமொட்டோ ஒரு சிட்டிகை போடறது உங்க விருப்பம், அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ அதை உப்பு, பேக்கிங் பவுடர் மாதிரி பொதுவாப் பாதுகாப்பானதுங்கற பட்டியல்லதான் வச்சிருக்கு, கார்ட்டன் வழியில போறவங்களுக்கு அது நிஜமாவே கை கொடுக்கும். குக்கர்லயும் கொம்புலயும் தேவைப்படாது.

மேல போடற பொரிச்ச வெங்காயத்துலயும் ஒரு தேர்வு இருக்கு. ஃப்ரெஞ்சஸ் டப்பா அமெரிக்கக் கடை எல்லாத்துலயும் கிடைக்கும், மாவு பூசினது, கடை ருசிக்கு ரொம்பக் கிட்ட, ஆனா ரெண்டு நிமிஷத்துல நமுத்து மாவு கரைய ஆரம்பிச்சுடும், அத்தனை பாடுபட்டு எடுத்த தெளிவு போயிடும். இந்தியக் கடையில பிரியாணிக்குன்னு விக்கற பொரிச்ச வெங்காயம் இனிப்பு அதிகம், எண்ணெய் விடும். தாய், வியட்நாம் கடைகள்ல பாட்டில்ல கிடைக்கற பொரிச்ச சின்ன வெங்காயம்தான் என் தேர்வு, மொறுமொறுப்பு நிக்குது, மணமும் உண்டு, லேபிள்ல மாவு இல்லாததாப் பாத்து எடுங்க. மஷ்ரூமை வேக வைக்காதீங்க. வெள்ளை பட்டன் மஷ்ரூமை மேண்டலின்ங்கற சீவற பலகையில ஒரு மில்லிமீட்டருக்குச் சீவி, பச்சையாவே கிண்ணத்துல போட்டு மேல கொதிக்கற பக்கம் இருக்கற சூப்பை ஊத்தணும். ஊத்தின உடனே வெள்ளையா இருந்த துண்டு ஓரத்துலேர்ந்து கண்ணாடியாகிக்கிட்டே உள்ள போகும், சுருண்டு மேல வந்து மிதக்கும், அப்ப குடிச்சா பதம் சரியா இருக்கும். தடியா சீவினா அது கடைசி வரைக்கும் பச்சையாவே கிடக்கும்.

அப்ப எது யாருக்கு. வாரநாள் ராத்திரி, நாலு பேர்: உப்பில்லாத கார்ட்டன், நாலு விங்ஸ், சுட்ட வெங்காயம். வீட்ல இன்ஸ்டன்ட் பாட் இருக்கு, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நேரம் இருக்கு: குக்கர், கண்ணை மூடிக்கிட்டு, நிறைய எடுத்து ஃப்ரீஸர்ல போட்டுக்கங்க. பிறந்தநாள், பதினஞ்சு இருபது பேர், பின்கட்டுல கிரிட்டில்ங்கற பெரிய தட்டைக் கல் வச்சு ஃப்ரைடு ரைஸ் எல்லாம் போடறீங்க: முந்தின நாள் பெரிய பாத்திரத்துல அடுப்பு ஸ்டாக், அந்த அளவு வீட்டு சாதாரணக் குக்கர்ல ஒரே தடவையில வராது. சைவம் கலந்த குடும்பம்: கொம்பு, ஷிட்டாகே, எல்லாருக்கும் ஒரே பாத்திரம். தனியா இருக்கற மாணவன், ஒரு கெட்டில்தான் இருக்கு: தோரிகரா பொடி, பாட்டில் பொரிச்ச வெங்காயம், ரெண்டு மஷ்ரூம், போதும்.

எந்த வழியா இருந்தாலும் ஸ்டாக்கைச் சூடா பெரிய பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, நடு பாகம் ஆற ரொம்ப நேரமாகும், கெட்டுப் போகும். சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி அதுல பாத்திரத்தை இறக்கி ஆற வச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள வைங்க. ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள், ஃப்ரீஸர்ல ரெண்டு மூணு மாசம் தாராளமா. உப்பு, சோயா போடாம உறைய வச்சா அப்பறம் வேற சமையலுக்கும் ஆகும். திரும்பச் சூடு பண்றப்ப மைக்ரோவேவ் வேண்டாம், ஓரம் கொதிச்சு நடு ஆறிக் கிடக்கும், சின்ன அடுப்புல ஆவி நல்லாப் பறக்கற வரைக்கும் வச்சு அந்த ஓரக் குமிழி வந்ததும் நிறுத்திடுங்க.